நாகலக்ஷ்மியின் இருநூற்றுப் பதினான்கு மேற்கோள்கள்

காலையில் கணினியைத் திறந்ததும் நாகலக்ஷ்மி மேடம் முதலில் தட்டுவது தன் சொந்தப் பெயரைத்தான். கடிதங்கள், வகுப்பு அட்டவணை எல்லாம் பிறகு. திரையில் ஓர் எண் வரும். அது நேற்றையதைவிட ஏறியிருந்தால் மேடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடிப்பார். ஏறாமல் அப்படியே இருந்தால், ரயிலுக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு நாலே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைப்பார். பதினோரு வருடமாக அந்த டீயைக் கொண்டுபோய் வைக்கிற காந்திமதி திரையைப் பார்க்கவே வேண்டியதில்லை. உட்காருகிறாரா நிற்கிறாரா என்பதிலேயே அன்றைய எண் தெரிந்துவிடும்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் உளவியல் துறையில் காந்திமதி உதவியாளர். அறைகளைத் திறப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, அலமாரிச் சாவிகளைக் காப்பது, மூன்று வேளை டீ. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இரும்புலியூர்க்காரி. நாலு பேர் கூடின இடத்தில் வாயே திறக்கமாட்டாள். துறையில் பாதிப் பேருக்கு அவள் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. வாய்க்கு வேலை குறைந்தால் கண்ணுக்கு வேலை கூடுமல்லவா? அந்தத் துறையில் யாருக்கு யாரோடு ஆகாது, யார் டப்பாவில் யார் வீட்டு ஊறுகாய் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த எண் என்ன என்று அவளுக்குப் புரியவே ஒரு வருடம் ஆயிற்று. ஒருநாள் மேடம் உட்கார்ந்து டீ குடித்த நல்ல நாளாகப் பார்த்துக் கேட்டாள்.

"அது இன்னா மேடம், தெனம் பாக்கறீங்களே?"

"மேற்கோள், காந்தி. நான் ஒரு கட்டுரை எழுதறேன்னு வெச்சுக்கோ. எங்கயோ பிரேசில்ல ஒருத்தர் இன்னொரு கட்டுரை எழுதறார். அதுல 'நாகலக்ஷ்மி இப்படிச் சொல்லியிருக்காங்க'ன்னு ஒரு வரி வந்தா, எனக்கு ஒண்ணு ஏறும்."

"நல்லதா சொன்னாதானா?"

"திட்டினாலும் ஏறும்."

அப்போ பரவாயில்லை என்று காந்திமதிக்குத் தோன்றியது. எங்கோ தூரத்து விசேஷ வீட்டில் நாலு பேர் நம் பேச்சை எடுக்கிறார்கள், அவ்வளவுதானே. இன்னொரு கணக்கும் இருந்தது, எச்-இண்டெக்ஸ் என்று. மேடத்துக்குப் பதினொன்று. பதினோரு கட்டுரைகள், ஒவ்வொன்றும் பதினோரு தடவைக்குக் குறையாமல் பேசப்பட்டிருந்தால் அந்தப் பதினொன்று கிடைக்கும். மேடம் எழுதியது முப்பத்தொரு கட்டுரை. மீதி இருபதும் எழுதியதுதானே, அதற்கு மதிப்பில்லையா என்று காந்திமதி மனசுக்குள் ஆற்றாமைப்பட்டாள். பிறகு அவளே தெளிந்துகொண்டாள். பெற்றது எத்தனை பிள்ளை என்று யார் கேட்கிறார்கள்? எத்தனை பிள்ளை சோறு போடுகிறது என்றுதான் கேட்கிறார்கள்.

மேடம் குரோம்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். அப்பா வங்கியில் குமாஸ்தா. மகள் இன்ஜினியரிங் படிப்பாள் என்று காலனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவள் மருத்துவ உளவியல் படிக்கப் போகிறேன் என்றதும், "பைத்தியங்களுக்கு டாக்டரா?" என்று மாடி வீட்டு மாமி சிரித்தார். அதே மாமி பின்னால், மகளுக்குப் பிரசவமான பிறகு தூக்கமே வரவில்லை என்று பின்வாசல் வழியாக வந்து யோசனை கேட்டுவிட்டுப் போனார். இதை மேடம் வகுப்பில் வருடா வருடம் சொல்வார். வருடா வருடம் மாணவிகள் சிரிப்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "டேட்டா போதலை" என்பார்.

திரையில் வரும் மொத்த எண் முந்நூற்றுத் தொண்ணூறு. அதில் இருநூற்றுப் பதினான்கு ஒரே ஒரு கட்டுரைக்கு வந்தது. மற்ற முப்பதும் சேர்ந்துதான் மீதி. அந்த ஒன்றுதான் மேடத்தின் மூத்த பிள்ளை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் எழுதியது. ஊரப்பாக்கத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளின் மனநிலையைப் பற்றிய ஆராய்ச்சி. இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நாலு பதில்: இல்லவே இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள். கிடைத்த விடை எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தப் பெண்களுக்குத் தூக்கம் இல்லை, முதுகுவலி, அழுகை, வீட்டில் சண்டை, எல்லாம் இருந்தது. ஆனால் எதிர்காலத்தில் நம்பிக்கை இல்லை என்று சொன்னவர்கள் இரண்டே பேர். நானூற்றுப் பன்னிரண்டில் இரண்டு! உலகத்தில் எங்கும் இப்படி வந்ததில்லை. கூட்டுக்குடும்பமும் சுற்றமும் சடங்குகளும் பெண்ணின் மனசுக்குக் கவசம் போல நிற்கின்றன என்று மேடம் எழுதினார். நார்வேக்காரர்கள் மேற்கோள் காட்டினார்கள். கனடாக்காரர்கள் காட்டினார்கள். எண் ஏறிக்கொண்டே போனது.

இந்த வருடம் பேராசிரியர் பதவி ஒன்று காலியாயிற்று. துறைத்தலைவர் ராஜகோபாலன் சார் ஓய்வு பெறப் போகிறார். இணைப் பேராசிரியர்களில் மேடமும் ஷ்யாம்சுந்தர் சாரும் போட்டி. ஷ்யாம்சுந்தர் சாருக்கு ஐம்பது கட்டுரைகள். ஆனால் இருநூறைத் தொட்ட கட்டுரை ஒன்றும் கிடையாது. நேர்காணலுக்கு உங்கள் சிறந்த கட்டுரையையும் அதன் மேற்கோள் எண்ணிக்கையையும் கொண்டு வாருங்கள் என்று கடிதம் வந்தது. அன்று மேடம் இரண்டு டீ உட்கார்ந்து குடித்தார்.

அந்த நேரத்தில்தான் ஸ்ம்ருதி அழுதாள்.

ஸ்ம்ருதி மேடத்திடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். அதே ஊரப்பாக்கம், அதே இருபது கேள்விகள். பத்து வருடத்தில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு வித்தியாசம், அவள் யாரையும் விட்டுப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. கையடக்கக் கணினியைக் கொடுத்து, காதில் ஹெட்போனை மாட்டி, பெண்களைத் தனியே உட்கார வைத்தாள். கேள்வி காதில் கேட்கும். விரலால் தொட்டால் பதில் பதிவாகிவிடும். இரண்டு வருடம் செவ்வாய் தவறாமல் ரயிலேறிப் போய் முந்நூறு பேரை முடித்தாள். கூட்டிப் பார்த்தால், நாலில் ஒரு பெண் நம்பிக்கை இல்லை என்கிறாள்.

"உன் டேட்டால ஏதோ தப்பு இருக்கு, ஸ்ம்ருதி. பத்து வருஷத்துல இவ்ளோ மாறாது. மறுபடியும் எடு," என்றார் மேடம்.

"முந்நூறு பேரையுமா மேம்?"

"முந்நூறையும்."

அலமாரி அறைக்குள் வந்து, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அந்தப் பெண் அழுதது. ஜெராக்ஸ் தாள் எடுக்கப் போன காந்திமதி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத்தான் நினைத்தாள். வரவில்லை. வராததற்குக் காரணம் வழக்கமான கூச்சம் இல்லை. அந்தப் பெண் செய்தது சரி, தப்பு எங்கே நடந்தது என்பது உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி தாள் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அன்று மாலை வீட்டில் குழம்பு அடிப்பிடித்தது. தாம்பரத்துக்கும் முடிச்சூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் கணவன் குப்பன் தட்டை முகர்ந்து பார்த்தான்.

"இன்னாடி, மூஞ்சி தொங்கிகினு கீது? மேடம் எதுனா சொல்ச்சா?"

"நான்தான் சொல்லணும்யா."

சொன்னாள். அந்தப் பழைய ஆராய்ச்சிக்குக் கேள்வி கேட்க ஒரு மாணவியை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் போய்விட்டாள். மேடத்துக்கு வகுப்புகள். "காந்தி, நீ தமிழ் நல்லா வாசிக்கறே. அவங்களுக்குப் படிச்சுக் காட்டு, அவங்க சொல்றதுல டிக் பண்ணு" என்று அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இருபதில் பதினைந்து கேள்விக்கு வம்பில்லை. தூக்கம் வருதா, பசிக்குதா, அழுகை வருதா. மீதி ஐந்துதான் வில்லங்கம். 'இனி எனக்கு நல்லது எதுவும் நடக்காது என்று தோன்றுகிறது.' 'எதிர்காலத்தை நினைத்தால் இருட்டாக இருக்கிறது.' இப்படி. முதல் நாள் இரண்டு பேரிடம் தாளில் உள்ளபடியே கேட்டாள். முதல் பெண் ஓவென்று அழுதுவிட்டாள். இரண்டாவது பெண் பதில் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்த மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டார். "மாசமா கீற பொண்ணு வாயால இன்னா வார்த்தையம்மா வர வைக்கிற? சொன்னா பலிச்சுடும்னு தெரியாது? நீயெல்லாம் பொம்பளையா?"

மாமியார் சொன்னதில் காந்திமதிக்கு நியாயம் தெரிந்தது. அவளும் இரண்டு பெற்றவள்தானே. பிள்ளைத்தாச்சி வாயில் கெட்ட வார்த்தை வரக்கூடாது என்று வளர்ந்தவள்தானே. மூன்றாவது பெண்ணிலிருந்து அந்த ஐந்து கேள்வியையும் நல்ல பக்கமாகத் திருப்பிக் கேட்டாள். "எல்லாம் நல்லபடியா நடக்கும்தானேம்மா?" அந்தப் பெண் பூ வைத்த தலையை ஆட்டி, "ஆங், நடக்கும்கா" என்றது. நல்லது நடக்கும் என்றால், நடக்காது என்பது இல்லவே இல்லை என்றுதானே அர்த்தம்? டிக். பானையை எந்தக் காதைப் பிடித்துத் தூக்கினால் என்ன, தூக்குவது ஒரே பானை என்று நினைத்துக்கொண்டாள். இப்படி நானூற்றுப் பத்து பேர்.

குப்பன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"அடிப்பாவி. நானூறு பேர் தலையில மொளகா அரைச்சிட்டு ஊமக்கோட்டான் மாதிரி குந்திகினு கீறியே."

"நல்ல மனசோடதான்யா கேட்டேன்."

"கேள்வி நல்லதுதான் போல கீதே?"

"கேள்வி நல்லதுதான். பதிலுதான் பொய்யாப் பூடுச்சு. மூஞ்சிக்கு நேரா நல்லது நடக்குமான்னு கேட்டா எவ நடக்காதுன்னுவா?"

"சரி வுடு. பத்து வருசம் வாய் தொறக்கல. இப்பத்தான் தொறக்கணுமா? வேலை பூட்டா இன்னா பண்ணுவ?"

"அந்தப் பொண்ணு ரெண்டு வருசமா அலைஞ்சுது. தப்பே பண்ணாம மறுபடி மொதல்லேர்ந்து அலையணுமாம்."

குப்பன் தட்டைத் தள்ளி வைத்தான். "அப்ப சொல்லிடு," என்றான். "கொயம்பு தீஞ்சது தீஞ்சதுதான். மறைச்சு ஊத்துனாலும் வாசனை வரும்."

மறுநாள் காலை மேடம் நின்றுகொண்டு டீ குடித்தார். காந்திமதி டம்ளரை எடுக்க வந்தவள் எடுக்காமல் நின்றாள்.

"என்ன காந்தி? லீவு வேணுமா?"

"இல்ல மேடம். அந்தக் கேள்வித்தாளு. பதினாலாவது கேள்வி."

"எந்தக் கேள்வித்தாள்?"

"'இனி எனக்கு நல்லது எதுவும் நடக்காது என்று தோன்றுகிறது.' இத்த எட்டு மாசப் புள்ளத்தாச்சிகிட்ட எப்பிடி மேடம் கேக்கறது? கை நெறய வளையலு, தலையில பூவு, வவுறு இம்மாம் பெருசு..."

மேடம் டம்ளரை மேசையில் வைத்தார்.

"எப்படிக் கேட்டே?"

"திருப்பிக் கேட்டேன். நல்லது நடக்கும்தானேம்மான்னு."

"எத்தனை பேர்கிட்ட?"

"மொத ரெண்டு பேரைத் தவுர எல்லார்கிட்டயும்."

மேடம் கையை நீட்டினார். சாவியை வாங்கிக்கொண்டு அலமாரி அறைக்குப் போனார். பழைய படிவக் கட்டுகளைக் காந்திமதியேதான் நாடா கட்டி அடுக்கி வைத்திருந்தாள். தட்டச்சு செய்பவர் கூட்டிக் கொடுத்த எண்களைத்தான் மேடம் அந்தக் காலத்தில் பார்த்தார். படிவங்களை ஒன்றொன்றாகப் புரட்டிப் பார்த்ததில்லை. இப்போது புரட்டினார். ஒன்றாம் படிவத்திலும் இரண்டாம் படிவத்திலும் டிக்குகள் அங்கும் இங்குமாக இருந்தன. மூன்றிலிருந்து அந்த ஐந்து கேள்விக்கும் டிக்குகள் ஒரே கோட்டில், எறும்பு ஊர்கிற மாதிரி, கடைசித் தாள் வரை போயின. நானூற்றுப் பன்னிரண்டில் இரண்டு. உலகத்தையே வியக்க வைத்த இரண்டு.

"வீட்டுக்குப் போ," என்றார் மேடம், திரும்பாமலே. "நான் கூப்பிடற வரைக்கும் வராதே."

காந்திமதி கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று நாள் வீட்டில் இருந்தாள். நாலாம் நாள் காலை போன் வந்தது. "டீ யார் போடறது? வா," என்றார் மேடம். குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை.

போன அன்றே ஒன்று காதில் விழுந்தது. ராஜகோபாலன் சார் மேடத்தின் அறையில் உட்கார்ந்திருந்தார். காந்திமதி டீ வைக்கப் போனபோது இருவரும் பேச்சை நிறுத்தவில்லை. அவள் இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதில் ஒரு சௌகரியம்.

"பன்னெண்டு நாள்தாம்மா இருக்கு. இண்டர்வியூ முடியட்டும். ஆர்டர் கையில வந்தப்புறம் மெதுவா அந்தப் பத்திரிகைக்கு ஒரு லெட்டர் போட்டுக்கலாம். இப்போ யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலை சார்."

"பின்னே? அந்தக் கட்டுரை இல்லேன்னா உனக்கு என்ன இருக்கு? ஷ்யாம் ஜம்முனு போய் உக்காந்துடுவான்."

"சரி சார்," என்றார் மேடம்.

காந்திமதி தட்டோடு வெளியே வந்தாள். சரி என்று சொன்னாலும் மேடம் டீயைத் தொடவே இல்லை என்பதைப் பார்த்திருந்தாள்.

ராஜகோபாலன் சாரைத் தவிர ஸ்ம்ருதியிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தார் மேடம். உன் டேட்டா சரிதான், மறுபடி எடுக்க வேண்டாம், பன்னிரண்டு நாள் பொறு என்று. அந்தப் பெண்ணுக்கு அழுகை போய்ப் பசி வந்துவிட்டது. ஆனால் ஐந்தாம் நாள், ஊரப்பாக்கத்தில் ஒரு கையெழுத்து வாங்கப் போய்த் திரும்பியவள் நேரே மேடத்தின் அறைக்குள் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"மேம், அந்த ஹாஸ்பிடல்ல செவ்வாய்க்கிழமை ஒரு கவுன்சிலர் வருவாங்களே, கிறிஸ்டினான்னு? அவங்க இப்போ இல்ல. நான் டேட்டா எடுத்து முடிச்சப்புறம் நிறுத்திட்டாங்க."

"ஏன்?"

"நம்ம பேப்பரை ஃப்ரேம் போட்டு ரிசப்ஷன்ல மாட்டி வெச்சிருக்காங்க மேம். 'எங்க பேஷண்ட்ஸுக்குக் கவுன்சிலிங்கே தேவையில்ல, உங்க மேடமே எழுதியிருக்காங்களே'ன்னு என்கிட்டயே காட்டறாங்க. கிறிஸ்டினா உக்காந்த ரூம்ல இப்போ அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கு."

மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு வெளியே எட்டிப் பார்த்தார்.

"காந்தி, செவ்வாய்க்கிழமை என்கூட ஊரப்பாக்கம் வரணும். கேள்வித்தாளும் எடுத்துக்கோ."

செவ்வாயன்று இருவரும் தாம்பரத்தில் ரயிலேறினார்கள். பதினோரு வருடத்தில் மேடத்தோடு வெளியே போவது அதுதான் முதல் தடவை. எதிர் எதிரே உட்காருவதா பக்கத்தில் உட்காருவதா என்று தெரியாமல் காந்திமதி வண்டலூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.

மருத்துவமனைக் கூடத்தில் நாற்பது பெண்கள். ஓரத்தில் ஏழு மாதமான ஒரு பெண், பெயர் தீபலட்சுமி, பக்கத்தில் மாமியார். காந்திமதி முதலில் அங்கேயே கேட்டாள், தன் பழைய வழியில்.

"எல்லாம் நல்லபடியா நடக்கும்தானேம்மா?"

"ஆங், நடக்கும்கா," என்றாள் தீபலட்சுமி. மாமியார் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

மேடம் தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைக் காட்டினார். எடை பார்க்க வேண்டும் என்று சொல்லி, காந்திமதி அந்தப் பெண்ணை அட்டைப் பெட்டி அடுக்கின அறைக்குள் அழைத்துப் போனாள். மேடமும் வந்து கதவைச் சாத்தினார். காந்திமதி தாளைப் பிரித்தாள். செருப்பு எதுவும் வராது என்று தெரிந்தும் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தாளில் உள்ளதை உள்ளபடி வாசித்தாள்.

தீபலட்சுமி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"தோணும்கா. காத்தால தண்ணி புடிக்கசொல்ல தோணும். கொடம் ரொம்பற வரிக்கும் அதே நெனப்பா இருக்கும். அப்பால வேலை வந்துடும், மறந்துடும்."

"எப்போதாவதா, அடிக்கடியா?" என்று மேடம் மெல்லக் கேட்டார்.

"தண்ணி ஒருநாள் வுட்டு ஒருநாள்தானே மேடம் வருது."

மேடம் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். நாலு பதிலில் இதற்குக் கட்டம் எது? காந்திமதி எட்டிப் பார்த்து, "அடிக்கடின்னு போடுங்க மேடம்," என்றாள். போட்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தப் பெண்ணோடு முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த செவ்வாயும் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அன்று காந்திமதி இன்னும் ஒன்பது பேரிடம் அப்படியே கேட்டாள். மூன்று பேர் தோன்றும் என்றார்கள். ஒருத்தி திட்டினாள். வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் கூட்டமில்லை. பெருங்களத்தூர் தாண்டும்வரை மேடம் போனில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அனுப்பிட்டேன்."

"இன்னா மேடம்?"

"லெட்டர். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன்னு."

"என் பேரு வந்துகீதா மேடம்?"

"இல்ல. பயிற்சி பெற்ற ஆள்தான் கேள்வி கேட்டாங்கன்னு அந்தக் கட்டுரைல எழுதினது நான். அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்துட்டு அதுக்குப் பயிற்சின்னு பேர் வெச்சேன். ஒருநாள் கூட வந்து பாக்கலை. படிவத்தைக்கூடப் புரட்டலை. தப்பு என் பேர்ல இருக்கு."

"அப்ப இண்டர்வியூ?"

"வெள்ளிக்கிழமை."

"நல்ல நாளு மேடம். நல்லபடியா நடக்கும்."

மேடம் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எதிரே கீரைக்கட்டு வைத்திருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உன் வாயால கெட்டதே வராதா காந்தி?" என்றார். அது திட்டா பாராட்டா என்று காந்திமதிக்குத் தெரியவில்லை. ஆனால் சிரிப்பு அவளுக்கும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நேர்காணலில் குழுவினர் சிறந்த கட்டுரை எது என்று கேட்டார்கள். போன வாரம் வரை ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்று மேடம் சொன்னார். நடந்ததை விவரமாகவும் சொன்னார். குழுவில் ஒருவர் எழுந்து கைகுலுக்கினாராம். கைகுலுக்கிவிட்டு மதிப்பெண்ணை ஷ்யாம்சுந்தர் சாருக்குப் போட்டார். அதை மேடமே துறையில் எல்லாரிடமும் நடித்துக் காட்டினார். ராஜகோபாலன் சார் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் தன் பிரிவுபசார விழாவுக்கு மேடத்தையே பேசக் கூப்பிட்டார்.

ஸ்ம்ருதியும் மேடமும் சேர்ந்து புதிதாக ஒரு கட்டுரை எழுதினார்கள். அதே கேள்வியை யார் முன்னால், எந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் என்ன பதில் வரும் என்பதைப் பற்றி. அதன் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் காந்திமதி பெயர் இருக்கிறது. மேடம் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தார். குப்பன் அதை ஆட்டோக் கண்ணாடிக்கு மேல் ஒட்டி வைத்து, முடிச்சூர் வரும் வரைக்கும் பின்னால் உட்காருகிறவர்களைப் படிக்கச் சொல்லித் தொல்லை கொடுத்தான். மழையில் நனைந்து அது கிழிந்த பிறகுதான் ஜனங்களுக்கு நிம்மதி.

திரும்பப் பெற்ற கட்டுரையின் மேல் இப்போது சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். எங்கெங்கோ இருப்பவர்கள் அதைக் கவனிக்காமல் இன்னும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதன் எண் இருநூற்று முப்பத்தொன்று ஆகிவிட்டது. புதிய கட்டுரைக்கு ஒன்பது. நாகலக்ஷ்மி இன்றும் இணைப் பேராசிரியர்தான். ஓய்வுக்கு ஆறு வருடம் இருக்கிறது. ஊரப்பாக்கம் மருத்துவமனையில் அட்டைப் பெட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கிறிஸ்டினா அந்த அறையில் உட்காருகிறார். காந்திமதியும் மாதம் ஒரு செவ்வாய் அங்கே போய், கதவைச் சாத்திக்கொண்டு, தாளில் உள்ளதை உள்ளபடி கேட்கிறாள்.